ஹேவாஹெட்டவுக்கு வரும் கடன் எங்கே புறப்படுகிறது?

10-ஆம் திகதி தோட்டத்தில் சம்பளம். அன்று பிற்பகல் ஹேவாஹெட்ட கடைவீதியில் நின்றால், அந்தக் காசு யார் யார் கைக்குப் போகிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். முதலில் பலசரக்குக் கடையின் கொப்பிக் கணக்கு. அடுத்தது அடகுக் கடை. மகளின் தோட்டை மீட்க முடியாவிட்டாலும் வட்டியையாவது கட்டி, ஏலத்துக்குப் போகாமல் தள்ளிவைக்க வேண்டும். ஆட்டோ ஓட்டும் தம்பி லீசிங் தவணை கட்டப் போகிறார். லயத்தில் சீட்டுப் பிடிக்கும் அக்காவுக்கு ஒரு பங்கு. கிழமைக் கடன் கொடுத்த கம்பனியின் உத்தியோகத்தர் கடைவீதிவரை காத்திருப்பதில்லை. மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்கே வந்துவிடுகிறார். இத்தனை பேரில் வங்கி என்று சொல்லத்தக்கவர் ஒருவருமில்லை.

உலகப் பொருளாதாரச் செய்திகளில் இப்போது அடிக்கடி அடிபடும் சொல் 'பிரைவேட் கிரெடிட்'. தமிழில் தனியார் கடன் எனலாம். இந்தச் சந்தை 2 ட்ரில்லியன் டொலரைத் தாண்டிவிட்டதாகச் சர்வதேச நாணய நிதியம் 2024 ஏப்ரலில் கணித்தது. இலங்கை முழுவதும் ஒரு வருடத்தில் உற்பத்தி செய்வதன் மதிப்பைப்போல் இருபது மடங்குக்கும் மேல். நியூயோர்க்கிலும் லண்டனிலும் நடக்கிற இந்த வியாபாரத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். நெருங்கிய சம்பந்தம் உண்டு. கடன் என்பது ஒரு சங்கிலி. அதன் ஒரு நுனி உலகப் பணக்காரர்களின் முதலீட்டில் இருந்தால், இன்னொரு நுனி லயத்து வாசலில் இருக்கிறது. இடையில் எத்தனை கண்ணிகள், ஒவ்வொன்றும் எவ்வளவு எடுக்கிறது, நாம் எந்தக் கண்ணியில் நிற்கிறோம் என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் சொல்லின் பொருள். ஒரு கம்பனிக்குப் பணம் தேவைப்பட்டால் வழக்கமாக இரண்டு வழிகள். வங்கியிடம் கேட்கலாம், அது பொதுமக்களின் வைப்புப் பணத்தைக் கடனாகக் கொடுக்கிறது, மத்திய வங்கி அதைக் கண்காணிக்கிறது. அல்லது சந்தையில் கடன் பத்திரம் விற்கலாம். அதன் விலை தினமும் ஏறி இறங்கும், யாரும் பார்க்கலாம். தனியார் கடன் மூன்றாவது வழி. ஓய்வூதிய நிதியங்கள், காப்புறுதிக் கம்பனிகள், பெரும் செல்வந்தர்கள் ஆகியோரிடமிருந்து ஒரு நிதியம் பணம் திரட்டுகிறது. கடன் கேட்கும் கம்பனியோடு நேரடியாகப் பேசி, வட்டியையும் ஈட்டையும் தவணையையும் இருவருமாக முடிவு செய்கிறார்கள். அந்தக் கடன் பெரும்பாலும் வேறொருவருக்கு விற்கப்படுவதில்லை. இன்று அதன் பெறுமதி என்ன என்று வெளியில் எவருக்கும் தெரியாது.

2008 நெருக்கடிக்குப் பிறகு வங்கிகள்மீது விதிகள் இறுகின. ஆபத்தான கடனுக்குக் கூடுதல் சொந்த மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்று பாசல் என்ற சர்வதேச வங்கி விதிகள் சொன்னதும், நடுத்தரக் கம்பனிகளுக்குக் கொடுப்பதிலிருந்து வங்கிகள் விலகின. அந்த இடத்தை அப்பல்லோ, ஏரிஸ், பிளாக்ஸ்டோன் போன்ற நிதிய நிர்வாகிகள் பிடித்துக்கொண்டார்கள். விதிகளை இறுக்கியதால் கடனின் தேவை குறைந்துவிடவில்லை. கண்காணிப்புக் குறைந்த இடத்துக்கு அது நகர்ந்தது. இந்த ஓர் உண்மை நினைவில் இருந்தால் மீதி எல்லாம் எளிதில் விளங்கும்.

கிழமைக் கடனையும் அடகையும் கலைச்சொல்லாக யாரும் பிரைவேட் கிரெடிட் என்று அழைப்பதில்லை, அது மெய்தான். ஆனால் இரண்டும் பிறக்கும் காரணம் ஒன்றே: வங்கி வர மறுத்த இடம். லயக் காம்பராவுக்கு உறுதிப்பத்திரம் இல்லை. காணி இல்லாதவரிடம் வங்கி ஈடு கேட்டால் அவர் எதைக் காட்டுவார்? தங்கத்தைக் காட்டலாம், சம்பளச் சீட்டைக் காட்டலாம், பக்கத்து வீட்டுக்காரியைப் பிணை நிறுத்தலாம். நம் ஊர்க் கடன் வகைகள் அத்தனையும் இந்த மூன்றின்மேல் கட்டப்பட்டவை.

இது இன்று நேற்று வந்ததும் அன்று. ஹேவாஹெட்ட மலைகள் கோப்பிக்காகத் திறக்கப்பட்ட பழைய பகுதிகளில் ஒன்று. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துரவும் இந்த மலைத்தொடரில்தான். அந்தக் காலத் துரைமார் பலர் சொந்தப் பணத்தில் தோட்டம் போட்டவர்கள் அல்லர். கொழும்பு ஏஜென்சி கம்பனிகள் வரப்போகும் விளைச்சலையே ஈடாக வைத்து முன்பணம் கொடுத்தன. கோப்பியையும் அவையே ஏற்றுமதி செய்து, கடனைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தன. 1869-இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. பத்துப் பதினைந்து வருடங்களில் செடிகளோடு ஈடும் அழிந்தது. கோப்பித் தோட்டங்களுக்கு அள்ளிக் கொடுத்திருந்த ஓரியண்டல் பாங்க் 1884 மே மாதம் கதவடைத்தது. அதன் நோட்டுகள் ஊரெங்கும் மக்கள் கையில் இருந்தன. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசு பொறுப்பேற்கும் என்று அறிவித்துப் பீதியை அடக்கினார். அதன்பின் நோட்டு வெளியிடும் பொறுப்பையே அரசு எடுத்துக்கொண்டது. ஒரு செடியின் நோய் ஒரு நாட்டின் நாணய முறையை மாற்றிய கதை இது. நம் பாடப்புத்தகங்களில் இதற்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

துரைமாருக்கு ஏஜென்சி என்றால், உள்ளூர் வியாபாரிகளுக்கு நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். கொழும்பில் செட்டியார் தெரு என்ற பெயர் இன்றும் அவர்களைச் சொல்கிறது. அரிசி இறக்கினார்கள், வட்டிக்குக் கொடுத்தார்கள். அவர்கள் கொடுத்தது முழுவதும் சொந்தப் பணம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிரித்தானிய வங்கிகள் உள்ளூர்க் கடைக்காரருக்கு நேரே கொடுக்கவில்லை. செட்டியாருக்குக் கொடுத்தன, செட்டியார் அதன்மேல் தம் வட்டியை வைத்துக் கடைக்காரருக்குக் கொடுத்தார். வங்கிகள் கையை இழுத்தபோது செட்டியாரும் இழுக்க நேர்ந்தது, கடைகள் தவித்தன. இந்த நிலைமையை ஆராய்ந்த வங்கி ஆணைக்குழு 1934-இல் அறிக்கை கொடுத்தது. 1939-இல் இலங்கை வங்கி பிறந்தது.

சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நம் பாட்டன் பூட்டிகள். ஊரிலிருந்து புறப்படும்போதே கங்காணி கொடுத்த முன்பணம் அவர்கள் பெயரில் கடனாக ஏறிவிடும். வேறு தோட்டம் போக வேண்டுமென்றால் ஒரு காகிதம் வேண்டும்: இவருக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டுகிற தோட்டம் இவரை எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பெயர் துண்டு. கடனைக் கொடுத்து ஆளை வாங்கினார்கள் என்று சொன்னால் மிகையில்லை. வெளியே தெரியாத விலை, இருவருக்குள் பேசி முடித்த கைமாற்றம் எல்லாம் அதில் இருந்தன. கடன்பட்டவரின் சம்மதம் மட்டும் இல்லை. 1921-இல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

இன்றைய சங்கிலிக்கு வருவோம். கிழமைக் கடன் கொடுக்கும் கம்பனிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? சிலவற்றுக்கு உள்ளூர் வங்கிகள், சிலவற்றுக்கு மக்கள் வைப்புகள், சிலவற்றுக்கு வெளிநாட்டு நிதியங்கள். நுண்கடன் நிறுவனங்களுக்குக் கடன் கொடுப்பதற்கென்றே உள்ள முதலீட்டு நிர்வாகிகள் உண்டு. 2001-இல் ஜெனீவாவில் தொடங்கிய புளூஓர்ச்சர்ட் அவற்றில் முன்னோடி. ஐரோப்பாவில் ஒருவர் நல்ல காரியத்துக்கு உதவுகிறோம் என்று போட்ட பணம், அந்த நிதியம் வழியாகக் கொழும்புக் கம்பனிக்கும், அங்கிருந்து கிளைக்கும், கிளையிலிருந்து தோட்டத்துக் குழுவுக்கும் வருகிறது. ஒவ்வொரு இடத்திலும் வட்டி ஏறுகிறது. டொலரில் வாங்கி ரூபாயில் கொடுப்பவர் நாணய ஆபத்துக்கும் ஒரு விலை போடுவார். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயை ஒட்டி இருந்தது. மே மாதத்தில் 360-ஐ எட்டியது. அந்தப் பயத்தின் விலையையும் கடைசியில் கட்டுகிறவர் லயத்தில் இருக்கிறார்.

எவ்வளவு கட்டுகிறார் என்பதைக் கணக்குப் போட்டே பார்ப்போம். 50,000 ரூபாய் கடன், 12 மாதம், வட்டி நூற்றுக்கு மாதம் இரண்டு என்கிறார்கள். வருடத்துக்கு 24 சதவீதம், வட்டி 12,000. மொத்தம் 62,000-ஐ 12-ஆல் பிரித்தால் மாதத் தவணை 5,167 ரூபாய். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் மாதமே நீங்கள் அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். ஆறாம் மாதத் தவணை கட்டி முடிக்கும்போது உங்கள் கையில் அவர்கள் காசு 28,000 ரூபாயைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது. வட்டியோ முழு 50,000-க்கும் ஓடுகிறது. இதைத்தான் பிளாட் வட்டி என்கிறார்கள். மீதி குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில் பார்த்தால் இது வருடத்துக்கு ஏறக்குறைய 42 சதவீதம். ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று முதலிலேயே 1,500 ரூபாயைக் கழித்துக்கொண்டு 48,500-ஐக் கையில் கொடுத்தால், அதே கடன் 48 சதவீதமாகிவிடும். காகிதத்தில் 24, கணக்கில் 48. தவணையை நாட்சம்பளத்தில் அளந்தால், 2024 செப்டம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாய்ப்படி, மாதத்தில் ஏறத்தாழ நான்கு நாள் கொழுந்து இந்த ஒரு கடனுக்கே போகிறது.

ஒரு கடன் என்றால் சமாளிக்கலாம். மூன்று, நான்கு கம்பனிகள் ஒரே வீட்டுக்குக் கொடுத்ததுதான் நாட்டின் பல பகுதிகளில் பெண்களை நொறுக்கியது. 2018 செப்டம்பரில் இங்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களின் வட்டி 220 சதவீதம்வரை போனதாகச் சொன்னார். அந்த வருடம் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்களுக்கு 1 இலட்சம் ரூபாய்வரையான கடனை அரசு தள்ளுபடி செய்தது. ஹேவாஹெட்ட அடங்கும் நுவரெலியா மாவட்டம் அதில் இல்லை. டிசம்பரில் மத்திய வங்கி, அனுமதி பெற்ற நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு 35 சதவீதம் என்ற உச்சவரம்பு வைத்தது. 2021 மார்ச் 8-ஆம் திகதி பொலன்னறுவையில் ஹிங்குராக்கொடப் பெண்கள் இந்தக் கடன்களை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் உட்கார்ந்தார்கள்.

இந்த விதிகளிலே ஒரு பெரிய ஓட்டை இருந்தது, அதைத் தெரிந்துகொள்வது அவசியம். 2016-ஆம் ஆண்டின் 6-ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் மக்களிடம் வைப்புப் பெறும் நிறுவனங்களையே அனுமதிக்குள் கொண்டுவந்தது. வைப்பு வாங்காமல் கடன் மட்டும் கொடுக்கும் கம்பனி அதற்கு வெளியே நின்றது. மேலே சொன்ன 35 சதவீத வரம்பும் அதைத் தொடவில்லை. நியூயோர்க்கில் விதி இறுகியதும் கடன் நகர்ந்ததே, அதே நகர்வுதான்.

இப்போது போக்கு எந்தப் பக்கம்? 2022 ஏப்ரல் 8-ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. 2024 நவம்பரில் புதிய ஒற்றைக் கொள்கை வட்டி 8 சதவீதமாக அறிமுகமானது. பணத்தின் மொத்த விலை இறங்கிவிட்டது. சில்லறை விலை அதே வேகத்தில் இறங்கியதா என்று உங்கள் தவணைக் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். 2022-ஐ ஒட்டிய வட்டியில் எடுத்த கடன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அதை மறுபடி பேசிக் குறைக்கக் கேட்பதற்கு உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

தங்கம் இன்னொரு போக்கு. 2025 ஒக்டோபரில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் 4,000 டொலரைத் தாண்டியது. அதே தங்கச் சங்கிலிக்கு அடகுக் கடையில் முன்னைவிட அதிகம் தருகிறார்கள். இது வசதிதான். ஆனால் அதிகம் தருவதனாலேயே அதிகம் எடுத்தால், வட்டியும் அதற்கேற்ப வளர்ந்து நகை ஏலத்தில் போகும். ஏலத்தில் கடனும் செலவும் போக மிஞ்சியது அடகு வைத்தவருக்கே சேர வேண்டியது. கேட்டு வாங்க வேண்டும்.

வாகனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2020-இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள். லீசிங் கம்பனிகளுக்கு மீண்டும் நல்ல காலம். கண்டி ராஜவீதியில் 1957 முதல் இயங்கும் சென்ட்ரல் ஃபினான்ஸைப் போன்ற கம்பனிகள் மலைநாட்டுக்குப் புதியவை அல்ல. லீசிங்கில் கடைசித் தவணைவரை வாகனத்தின் உரிமையாளர் கம்பனியே, ஓட்டுகிறவர் அல்ல என்பதை ஆட்டோ எடுக்கும் தம்பிமார் மறக்கக் கூடாது.

உலகச் சந்தையிலும் விரிசல் தெரிகிறது. 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் இரண்டு கம்பனிகள் வங்குரோத்தாகின: ஏழைகளுக்குக் கார்க் கடன் கொடுத்த ட்ரைகலர், வாகன உதிரிப்பாகம் செய்யும் ஃபர்ஸ்ட் பிராண்ட்ஸ். ஒரே ஈட்டைக் கடன் கொடுத்த பலருக்குக் காட்டியதாக அவற்றின்மேல் குற்றச்சாட்டு எழுந்தது. விலை வெளியே தெரியாத சந்தையில் ஈடும் வெளியே தெரிவதில்லை. நம் ஊரிலே ஒரே சம்பளச் சீட்டை நம்பி நான்கு கம்பனிகள் கொடுத்தன. அங்கே கோடிக்கணக்கான டொலர்களிலும் ஏறத்தாழ அதுவே நடந்ததாகச் சொல்கிறார்கள். ஆனாலும் பணம் ஓடி வந்துகொண்டுதான் இருக்கிறது. இந்தியாவின் பழம்பெரும் ஷாபூர்ஜி பலோன்ஜி குழுமம் 2025 மே மாதம் 300 கோடி டொலருக்கும் மேலான தனியார் கடனை 20 சதவீதத்தை நெருங்கிய வட்டிக்கு வாங்கியது. அவ்வளவு பெரிய வீட்டுக்கே அந்த விலை என்றால், கொடுப்பவருக்கு இதில் என்ன கவர்ச்சி என்று சொல்லத் தேவையில்லை.

கொடுப்பவர் பக்கத்தில் நமக்கு இடமுண்டா? ஒரு விதத்தில் ஏற்கெனவே இருக்கிறோம். ஊழியர் சேமலாப நிதியில் சம்பளத்தின் 8 சதவீதம் உங்களுடையது, 12 சதவீதம் தோட்டத்துடையது. அந்த நிதி பெரும்பாலும் திறைசேரி முறிகளில் இருக்கிறது. அதாவது கொழுந்து பறிக்கும் அக்கா அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவர். 2023-இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது அந்த முறிகளுக்குப் பதிலாக வட்டி குறைந்த, நீண்ட காலத்துக்கான முறிகளை நிதி ஏற்றுக்கொண்டது. தான் வாங்கிய 50,000-க்கு ஒரு கிழமை பிந்தினால் வாசலில் ஆள் நிற்கும் அதே பெண், தான் கொடுத்த கடனின் விதி மாறியதை அறியாமலே இருந்தார். இதை எழுதும்போது எனக்கு ஆறவில்லை.

நிதிக் கம்பனியில் வைப்புப் போட நினைப்பவர்கள் ஒன்றைச் செய்ய வேண்டும்: மத்திய வங்கியின் அனுமதிப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது. அனுமதி பெற்றதும் விழலாம்; த ஃபினான்ஸ் கம்பனியின் அனுமதியும் ஈ.டி.ஐ. ஃபினான்ஸின் அனுமதியும் 2020-இல் இரத்தாகின. அப்படி நடந்தால் வைப்புக் காப்புறுதியிலிருந்து ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய்வரை கிடைக்கும். பட்டியலில் இல்லாதவரிடம் போட்ட காசுக்கு அதுவும் இல்லை. மாதம் நூற்றுக்கு ஐந்து தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அந்த ஐந்தை அவர் யாரிடமிருந்து, எந்த வட்டிக்கு வசூலிக்கப் போகிறார் என்று கேளுங்கள். பதில் கிடைக்காது.

என்னைக் கேட்டால், நம் ஊருக்குப் பொருந்தும் நல்ல வாய்ப்பு மிகப் பழையது. இலங்கையின் முதல் கடன் கூட்டுறவுச் சங்கம் 1906-இல் கண்டிக்கு அந்தப்பக்கம் தெல்தெனியவில் தொடங்கியது. 1978-இல் கிரிவந்தெனிய என்பவர் அந்த இயக்கத்துக்குப் புத்துயிர் கொடுத்தார், அதுவே சணச இயக்கம். உறுப்பினர் சேமிப்பு உறுப்பினருக்கே கடனாகப் போகிறது. சங்கிலியில் ஒரே கண்ணி. வட்டியில் மிஞ்சுவதும் சங்கத்துக்குள்ளேயே நிற்கிறது. லயத்துச் சீட்டும் அதே யோசனைதான். சீட்டுக்கென்று 1935-இல் இயற்றிய சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே நம் சொல் இருக்கிறது. ஆனால் சீட்டில் நம்பிக்கை ஒருவர்மேல், சங்கத்தில் கணக்குப் புத்தகத்தின்மேல். கரட்டும் லீக்ஸும் போடுகிறவர்கள் விதைக்கும் உரத்துக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, அவர் சொன்ன விலைக்கே விளைச்சலைக் கொடுக்கிறார்களே, அவர்கள் பத்து இருபது பேர் சேர்ந்தால் அந்த முன்பணத்தைச் சங்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு, விளைச்சலை விலை பார்த்து விற்கலாம். வியாபாரியின் இந்தப் பிடி, 150 வருடத்துக்கு முன் ஏஜென்சி கம்பனி துரையைப் பிடித்து வைத்திருந்த அதே பிடிதான்.

கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால், கையெழுத்துக்கு முன் உத்தியோகத்தரிடம் நான்கு விஷயம் கேளுங்கள். என் கையில் வருவது எவ்வளவு, நான் மொத்தம் கட்டுவது எவ்வளவு, இது பிளாட் வட்டியா குறைந்து செல்லும் வட்டியா, முன்கூட்டியே கட்டி முடித்தால் என்ன கழியும். ஒப்பந்தத்தைத் தமிழில் தரச் சொல்லுங்கள். மத்திய வங்கியின் 2023-ஆம் ஆண்டு நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் அனுமதி பெற்ற நிறுவனங்களிடம் அதைக் கேட்கும் உரிமையைத் தருகின்றன. மறுத்தால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை அழைக்கலாம். இலக்கம் 1935.